புதன்கிழமை கிளம்பிய மூட்டை

புதன்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு நான் சென்னைக்குப் புறப்பட்டுவிட்டேன். வியாழக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில், எங்கள் வீட்டுக் கூடத்தில், டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்து அதன் மூடியை அமுக்கிக்கொண்டிருந்தேன்.

இதில் குழப்பம் ஒன்றுமில்லை. கப்பல் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை மேற்கே சூலம், அந்தத் திசையில் பயணம் ஆகாது. கிள்ளான் எங்களுக்கு மேற்கே, கப்பல் நிற்கும் போர்ட் சுவெட்டன்ஹாம் அதற்கும் மேற்கே, சென்னை கடல் தாண்டி இன்னும் மேற்கே. கப்பல் கம்பெனியில் போய் நாளை மாற்று என்று கேட்க முடியுமா? அதற்கு நம்மவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பயணம் போகிறவரின் துணி ஒன்றை, கைப்பிடி அரிசி, மஞ்சள், பாக்கோடு மூட்டையாகக் கட்டி, முன்னாலேயே ஒரு நல்ல நாளில் போகிற திசையில் உள்ள ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. பரஸ்தானம் என்று பெயர். மூட்டை கிளம்பினால் ஆள் கிளம்பின மாதிரி. மூன்று நாளுக்குள் ஆள் போய் அதை எடுத்துக்கொண்டு மேலே போகவேண்டும். அதுவரை மூட்டை தரையில் படக்கூடாது, யாரும் அவிழ்க்கக்கூடாது, எக்காரணம் கொண்டும் வீட்டுக்குத் திரும்பி வரக்கூடாது.

என் மூட்டை கிள்ளானில் வள்ளியம்மா அத்தை வீட்டில் இருந்தது. அத்தை அப்பாவுக்கு மூத்தவர், அப்பாவை வளர்த்தவர். செவ்வாய்க்கிழமை வந்து தங்கி, புதன்கிழமை பஞ்சாங்கத்தில் பார்த்து வைத்த நேரத்துக்கு வாசல் இறங்கி, ரயிலில் கிள்ளான் வரை மூட்டையை மடியை விட்டு இறக்காமல் கொண்டுபோனார். ஒரு கைக்குழந்தைக்குக்கூட அத்தனை மரியாதை கிடைத்திருக்காது.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. இரண்டு வருஷமாகக் கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் எடுபிடி வேலை பார்த்தவள் நான். ராகு காலம் முடியட்டும் என்று எந்தக் குழந்தையும் உள்ளேயே காத்திருந்து நான் பார்த்ததில்லை. அந்த வார்டு டாக்டரம்மா சிபாரிசு செய்துதான் சென்னையில் ஒரு பெண்கள் ஆஸ்பத்திரியில் ஒரு வருஷம் தங்கிப் பிரசவ வேலை பழக எனக்கு இடம் கிடைத்தது. பத்தாம் தேதிக்குள் வந்து சேராவிட்டால் இடம் வேறொருத்திக்குப் போகும் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தது. அடுத்த கப்பல் இரண்டு வாரம் கழித்துத்தான். ஆகவே இந்த வெள்ளிக்கிழமையை விட்டால் எனக்கு எல்லாம் முடிந்தது.

அப்பா இராமலிங்கம் ரயிலில் கார்டு. ஒரு ரயிலையே கொடி காட்டி நிறுத்துகிறவர், அத்தை முன்னால் மட்டும் வாய் திறக்கமாட்டார். "அக்கா சரின்னா சரி" என்றுவிட்டார். அத்தை கேள்வி மேல் கேள்வி கேட்டார். கல்யாணம் ஆகாத பெண் பிரசவம் பார்ப்பதா? தைப்பூசத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது யாராவது ஊரை விட்டுப் போவார்களா? கடைசியில் முறைப்படி நாள் பார்த்துப் பரஸ்தானம் வைத்தால் போகட்டும் என்று இறங்கி வந்தார். அம்மா என்ன சொன்னாள் என்று கேட்கிறீர்களா? ஒன்றும் சொல்லவில்லை. கடிதம் வந்து மூன்று மாதமாக என் அம்மா இராஜம்மாவின் வாயிலிருந்து போ என்றும் வரவில்லை, போகாதே என்றும் வரவில்லை. மிளகாய்த் தூள் மட்டும் இடித்தாள். சென்னைக்கே மிளகாய்த் தூள் கொண்டுபோன முதல் பெண் நானாகத்தான் இருப்பேன்.

மூட்டை போனதிலிருந்து வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கிளம்பியாகிவிட்டது, ஆனால் போகவில்லை. இது என்ன நிலை? தண்ணீர் பிடிக்கப் போனால் குழாயடியில் "நீ இன்னும் போகலையா?" என்று கேட்டார்கள். என் பாயைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டாள் அம்மா. பெட்டியை நாலாவது தடவையாகப் பிரித்து அடுக்கினேன். வெள்ளைச் சேலை ஆறு, வெள்ளை ரவிக்கை ஆறு, ஏப்ரன் நான்கு, நொடிமுள் உள்ள கடிகாரம் ஒன்று. மிளகாய்த் தூள் டின்னை வெளியே எடுத்து வைத்தேன். குளித்துவிட்டு வந்து பார்த்தால் அது மறுபடி உள்ளே இருந்தது.

பக்கத்து வீட்டு கெர்ட்ரூட் எட்டிப் பார்த்தாள். அவளும் அதே ஆஸ்பத்திரிக்கு, அதே கப்பலில் வருகிறாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாதிரியார் அவள் தலையில் கை வைத்து ஒரு ஜெபம் சொன்னார், அவ்வளவுதான் அவள் புறப்பாடு. பிறகு நிம்மதியாகக் கேக் தின்றுகொண்டிருந்தாள். எனக்கு அவள்மேல் எரிச்சலாக வந்தது.

"லெட்டர பத்திரமா வச்சிருக்கியா? அது இல்லாம உள்ளயே விடமாட்டாங்களாம். நான் பிஸ்கட் டின்னுல போட்டுப் பூட்டிட்டேன்" என்றாள்.

"வச்சிருக்கேன், வச்சிருக்கேன்."

அவள் போனதும் பார்த்தேன். சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்த கடிதம் அங்கே இல்லை. பெட்டியில் இல்லை. தலையணை உறையில் இல்லை. அரிசிப் பானைக்குள்ளும் கை விட்டுத் துழாவினேன். அம்மா காய் வாங்கப் பாசாருக்குப் போயிருந்தாள். அப்போதுதான் செவ்வாய்க்கிழமை அத்தை சொன்னது நினைவுக்கு வந்தது. "தொழில் பழகப் போற புள்ள, அதுக்குண்டான காகிதம் ஒண்ணையும் மூட்டையில வைக்கணும் ராஜம்மா." அம்மா தலையாட்டினாள். மூட்டையைக் கட்டினதும் அம்மாதான், அறைக்குள் தனியாக. எழுத்துத் தெரியாத அம்மா கைக்கு அகப்பட்ட காகிதத்தை, அதாவது என் கடிதத்தை, உள்ளே வைத்துக் கட்டிவிட்டாள். எனக்குச் சந்தேகமே இல்லை.

நாளைக்கு மூட்டை கைக்கு வந்ததும் பார்த்துக்கொள்ளலாமே என்று நிதானமுள்ளவர்கள் கேட்பார்கள். அன்று என்னிடம் நிதானம் என்ற சரக்கு இல்லை. மூட்டையில் கடிதம் இல்லையென்றால் தேடுவதற்கு வெள்ளிக்கிழமை நேரம் ஏது? மத்தியான ரயிலைப் பிடித்தேன். அது அப்பாவின் ரயில். கடிதத்தைக் காணோம் என்று சொன்னால் உடனே அத்தைக்குத் தெரிந்துவிடும் என்பதால், "அத்தை ஒரு சாமான் வாங்கிட்டுப் போகச் சொன்னாங்க" என்று பொய் சொன்னேன். அப்பா என்னைப் பெண்கள் பெட்டியில் ஏற்றிவிட்டு, விசிலை ஊதி, பின்னால் போய் ஏறிக்கொண்டார். வழியில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கி ஸ்டேஷன் மாஸ்டரிடம் எதையோ காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். ரயில் என்னவோ அவர் பேச்சு முடிந்த பிறகுதான் நகர்ந்தது. எனக்குக் கோபமாக வந்தது.

அத்தை வீடு கிள்ளான் ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரம், ஒரு மளிகைக் கடைக்குப் பின்கட்டு. என்னைப் பார்த்ததும் அத்தை திடுக்கிட்டார்.

"ஏண்டி ரமணி, இன்னிக்கே வந்த? இன்னிக்கு அஷ்டமி, தெரியுமா?"

"சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு."

"போறவ இங்கயும் அங்கயும் நடக்கக் கூடாது லா. மூட்டைய தொட்டுடாத. நாளைக்கு நான் எடுத்துக் குடுப்பேன்."

மூட்டை சாமி அறையில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, மஞ்சள் துணியில், பொட்டு வைத்து. அத்தை எனக்குக் காப்பி கலக்கப் பால் வாங்க முன்கட்டுக் கடைக்குப் போனார். நான் மூட்டையை எடுத்தேன். முடிச்சை அவிழ்க்க நகம் போதாமல் பல்லால் இழுத்தேன்.

அரிசி இருந்தது. மஞ்சள், பாக்கு இருந்தன. காகிதம் என்று ஏதோ ஒரு பழைய ரயில்வே நோட்டீஸ் நாலாக மடித்து இருந்தது. என் கடிதம் இல்லை. அதைவிட, என் துணி இல்லை. உள்ளே இருந்தது அம்மாவின் சேலை. காப்பிக் கொட்டை நிறம், மெல்லிய சிவப்புக் கரை, முந்தானை ஓரத்தில் அடுப்புப் பொறி பட்டு ஓட்டை.

என்னுடைய துணி ஒன்று, ஒரு ரவிக்கை, ஒரு ரிப்பன், எதுவும் இல்லை. அப்படியென்றால் கிளம்பினது நான் இல்லை. என் பயணம் புதன்கிழமையும் கிளம்பவில்லை, என்றைக்குமே கிளம்பவில்லை. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மூன்று மாதம் வாயைத் திறக்காதவள், போகாதே என்று சொல்லத் துணிவில்லாதவள், இப்படி ஒரு வேலை செய்திருக்கிறாள். ஊருக்கு ஒரு மூட்டை, உள்ளே வேறு ஆள். தன் சாமிகளிடம் மட்டும் ரகசியமாக என்னை நிறுத்திவைக்கச் சொல்லியிருக்கிறாள்.

நம்பிக்கை இல்லாதவளுக்கு இதில் என்ன கோபம் என்று கேட்காதீர்கள். சேலையை உருவி, இடுப்பில் செருகியிருந்த என் கைக்குட்டையை எடுத்து அரிசியோடு வைத்து, இறுக்கிக் கட்டி ஆணியில் மாட்டினேன். பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் என் பெயரில் நடக்கட்டும். சேலையைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு, அத்தை கொடுத்த காப்பியை வாய் வேகக் குடித்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பினேன்.

வீட்டில் அம்மா கப்பலுக்கு முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். இன்னும் வெயில் தாழவில்லை. சேலையை அவள் முன்னால் போட்டேன்.

"இது என்ன?"

அம்மா சேலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்தாள்.

"அவுத்துட்டியா?"

"ஆமா, அவுத்தேன். நான் போகக் கூடாதுன்னா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான? எதுக்கு இந்தத் திருட்டு வேலை? ஆறு சேலை வாங்கிக் குடுத்து, முறுக்கு சுட்டுக் குடுத்து, உள்ளுக்குள்ள இதா? நீயெல்லாம் ஒரு அம்மாவா?"

கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று தெரிந்தது. அம்மா அழவில்லை. மாவுக் கையை முந்தானையில் துடைத்தாள்.

"இப்ப மூட்டையில என்ன இருக்கு?"

"என் கைக்குட்டை."

"உன்னுதா?" அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "உன்னுதையா வச்ச? புதன்கிழமை உனக்குச் சந்திராஷ்டமம்டி."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் மெதுவாக, முறுக்கு மாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். செவ்வாய்க்கிழமை பயணத்துக்கு ஆகாது. வியாழன் அஷ்டமி. வெள்ளி சூலம். மூன்று நாளுக்குள் என்றால் மிஞ்சினது புதன் ஒன்றுதான். அந்தப் புதனோ என் ராசிக்குச் சந்திராஷ்டமம். எந்தக் காரியமும் தொடங்கக் கூடாத நாள். அது தெரிந்தால் அத்தை இந்தக் கப்பல் வேண்டாம் என்பார். அத்தை வேண்டாம் என்றால் அப்பாவும் வேண்டாம் என்பார்.

"அண்ணி உன் நட்சத்திரம் என்னன்னு கேட்டாங்க. என் நட்சத்திரத்தச் சொன்னேன். எனக்குப் பார்த்தா புதன் நல்ல நாளு. அதான் என் சேலைய வச்சேன். கிளம்பினது நானா இருந்துட்டுப் போகட்டும். கெட்டது எதாச்சும் வந்தா எனக்கு வரும். உனக்கு நாளே இல்ல, நேரமே இல்ல, நீ பாட்டுக்குப் போகலாம்."

"அப்ப நீ என்னைப் போகச் சொல்றியா?"

"பின்ன எதுக்கு மூணு மாசமா மொளகா இடிச்சேன்?" என்றாள் அம்மா.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மன்னித்துக்கொள் என்று எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குப் பிழிய ஆரம்பித்தேன். எல்லாம் கோணல் மாணலாக வந்தன. "காலையில அண்ணி அசந்த நேரம் பார்த்து நானே மாத்தி வச்சிடறேன்" என்று அம்மா சேலையை மடித்து முறுக்குப் பைக்குள் வைத்தாள். கடிதம் போன இடம் தெரியாதது அப்போதுதான் மறுபடி உறைத்தது. அவளிடம் அதையும் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு லீவு. ஆனாலும் கார்டு கோட்டைத்தான் போட்டுக்கொண்டு வந்தார். கெர்ட்ரூட்டும் அவள் பிஸ்கட் டின்னும் நேரே போர்ட்டுக்குப் போனார்கள். நாங்கள் மூட்டைக்காகக் கிள்ளானில் இறங்கினோம். அத்தை வாசலிலேயே நின்றிருந்தார். மூட்டையை இரண்டு கையிலும் ஏந்தி, மேலும் கீழும் அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கனம் குறைஞ்சிருக்கு" என்றார்.

அம்மா என் கையைப் பிடித்தாள்.

அத்தை யாரையும் கேட்காமல் முடிச்சை அவிழ்த்தார். கைக்குட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். "புதன்கிழமை நான் மடியில வச்சிட்டு வந்தது இது இல்ல. யார் அவுத்தது?"

"நான்தான் அத்தை."

"எதுக்கு?"

"ஆஸ்பத்திரி லெட்டரக் காணோம். அம்மா இதுக்குள்ள வச்சிட்டாங்களோன்னு தேடினேன்." பாதி உண்மைதானே, சொல்லிவிட்டேன்.

அப்பா தொண்டையைக் கனைத்தார். கோட்டின் உள்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். என் கடிதம். மடிப்புகள் நைந்து, ஓரத்தில் விரல் அழுக்கு ஏறியிருந்தது.

"இதையா? என்கிட்டத்தான் இருக்கு. லைன்ல எல்லாரும் பார்க்கணும்னு சொன்னாங்க..." யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கோலாலம்பூருக்கும் போர்ட்டுக்கும் நடுவில் இருக்கிற ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் விடாமல் காட்டியிருக்கிறார் மனுஷர். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று இருந்தது.

அத்தை சிரிக்கவில்லை. "அவுத்த பரஸ்தானம் செல்லாது. இன்னிக்குச் சூலம். இந்தக் கப்பல் வேண்டாம் தம்பி. அடுத்த கப்பலுக்கு நாள் பார்த்துக்கலாம்."

அடுத்த கப்பலுக்கு இடம் இருக்காது என்று நான் கத்தினேன். அப்பா கொடி காட்டுகிற கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். "அக்கா சொல்றதும்..." என்று ஆரம்பித்தார். கடிதம் கிடைத்துவிட்டது, டிக்கெட் இருக்கிறது, கப்பல் ஆறு மைலுக்கு அப்பால் நிற்கிறது, எல்லாம் இந்த வாசலில் முடியப்போகிறது.

அப்போது அம்மா முறுக்குப் பைக்குள் கை விட்டுச் சேலையை எடுத்தாள்.

"அண்ணி, புதன்கிழமை நீங்க மடியில வச்சிட்டு வந்தது இது."

அம்மாவுக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அத்தை முகத்தைப் பார்த்து அவள் பேசினதே இல்லை. அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"இது உன் சேலையாச்சே?" என்றார் அத்தை.

"என் சேலைதான். நீங்க நாள் பார்த்ததும் என் நட்சத்திரத்துக்குத்தான். ரமணிக்குப் புதன்கிழமை சந்திராஷ்டமம். நான் சொல்லல. அவ பேர்ல எதுவும் கிளம்பல அண்ணி, அதனால அவுத்ததும் அவளோடது இல்ல. கிளம்பினது நான். மூணு நாளா வீட்ட விட்டுக் கிளம்பி நிக்கிறவ நான்தான். பரஸ்தானம் வச்சவ பாதியில வீடு திரும்பலாமா? நீங்களே சொல்லுங்க."

"திரும்பக் கூடாது" என்றார் அத்தை, பழக்கத்தில்.

"அப்ப நான் மேக்கால போறேன். இவ எனக்குத் துணைக்கு வரா."

"கப்பல்ல நீயா ஏறப் போற?"

"கப்பல் வரைக்கும் நான் போறேன். அங்கிருந்து அவ போவா."

சேலையையும் கைக்குட்டையையும் சேர்த்து வைத்து, சிந்தின அரிசியை ஒன்று விடாமல் பொறுக்கிப் போட்டு, அம்மா மூட்டையைக் கட்டினாள். ஏமாற்றியவள்மேல் வரவேண்டிய கோபம் அத்தை முகத்தில் வந்து, பிறகு வேறு ஏதோ யோசனையில் நின்றுவிட்டது.

"அது சரி ராஜம்மா. கப்பலுக்கு அந்தாண்ட நீ போக மாட்ட. அப்புறம் திரும்பித்தான ஆகணும்? நீ எப்படி வீட்டுக்குப் போவ? அத யோசிச்சியா?"

"அத நான் பார்த்துக்கறேன்" என்றாள் அம்மா. "ரயிலுக்கு நேரமாச்சு."

அப்பா அக்காவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

போர்ட்டில் கூட்டம். தோட்டங்களிலிருந்து ஊருக்குத் திரும்புகிறவர்கள் தகரப் பெட்டியும் பிள்ளைகளுமாக வரிசையில் நின்றார்கள். கெர்ட்ரூட் எனக்கும் சேர்த்து இடம் பிடித்து வைத்திருந்தாள். டாக்டர் ஒருவர் ஒவ்வொருவர் நாக்கையும் கண்ணையும் பார்த்து அனுப்பினார். அப்பா கடிதத்தைக் கொடுக்கும்போது, "இத அங்க குடுத்துட்டா திருப்பித் தருவாங்களா?" என்று கேட்டார். கேட்டு வாங்கி அனுப்புகிறேன் என்றேன். அம்மா மூட்டையை என் கையில் வைத்தாள். அதைக் கொடுத்த பிறகு அவள் கை காலியாக இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் என் முந்தானையைச் சரி செய்தாள்.

மூன்று நாளாகக் கப்பல் கப்பல் என்று பறந்துகொண்டிருந்த எனக்கு, ஏணியில் காலை வைக்கும்போது கப்பல் நினைவே இல்லை. அத்தை கேட்ட கேள்விதான் காதில் இருந்தது. பரஸ்தானம் வைத்தவள் பாதியில் வீடு திரும்பினால் என்ன ஆகும்? யாரும் சொல்லவில்லை. சொல்லக் கூடாத அளவுக்கு ஏதோ ஆகும் போலிருந்தது. அதை அம்மா எனக்காக வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டிருக்கிறாள், கை வீசிக்கொண்டு நிற்கிறாள். இறங்கி ஓடி வந்தேன். பின்னால் நின்றவர்கள் திட்டினார்கள்.

"அம்மா, இன்னிக்கு வீட்டுக்குப் போகாத."

"பின்ன எங்க போக?"

"அத்தை வீட்டுல இரு. மூணு நாள் தங்கிட்டா போய்ட்டு வந்த மாதிரி. திங்கக்கிழமை நல்ல நேரம் பார்த்துப் போ."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்குத்தான் இதுல நம்பிக்கை இல்லையே?"

"இல்ல. ஆனா போகாத."

"உங்க அத்தை வீட்டுலயா? மூணு நாளா? அதுக்கு நானும் கப்பலிலயே ஏறிடலாம்" என்றாள். அப்பா வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றேன். நேற்று அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். நீ இருக்கணும், நான் திரும்பி வரும்போது நீ இருக்கணும் என்றுதான் வந்தது.

அம்மாவின் சிரிப்பு நின்றது. "சரி, இருக்கேன்" என்றாள். "திங்கக்கிழமை வரைக்கும் அங்கயே இருக்கேன். நீ ஏறு."

ஏறினேன். கப்பல் கரையை விட்டு விலகினபோது எல்லோரும் ஊரைப் பார்த்தார்கள். நான் அம்மாவின் காப்பி நிறச் சேலை இருந்த மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு நாட்களை எண்ணினேன். வெள்ளி, அம்மா கிள்ளானில். சனி, கிள்ளானில். ஞாயிறு, கிள்ளானில், இந்நேரம் இருவருக்கும் ரசத்தில் உப்பு யார் போட்டது என்று சண்டை வந்திருக்கும். திங்கள்.

திங்கட்கிழமை சாயங்காலம் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. கடல் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று கெர்ட்ரூட் கப்பலில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.